நிருபராக ஆரம்பிப்பது எப்படி: முதல் குறிப்பேட்டிலிருந்து முதல் வேலை வரை

நான் எழுதிக் கொடுத்த முதல் செய்தி எட்டுப் பத்தி. அதை வாங்கிய ஆசிரியர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. ஓரத்தில் நான்கு இடங்களில் "யார் சொன்னது?" என்று எழுதி அப்படியே திருப்பிக் கொடுத்தார். அந்த நான்கில் ஒன்றுக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. மற்ற மூன்றும் யாரோ பேசும்போது காதில் விழுந்தவை, அல்லது அப்படித்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டவை. பத்திரிகைத் துறைக்கு வர ஆசைப்படும் இளைஞர்களிடம் இன்றைக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் எழுத்து நடை, கேமரா, குரல், இணையத்தில் பின்தொடர்பவர்கள் எல்லாம் அப்புறம் வந்து சேரும். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விக்கும் வரிக்கு வரி பதில் வைத்திருக்கப் பழகுவதுதான் இந்த வேலைக்கான பயிற்சி. அதை எங்கே தொடங்கி எப்படிக் கொண்டுபோகலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

1. எந்த வேலை உங்களுக்கு என்று பாருங்கள்

பத்திரிகையாளர் என்ற ஒரே பெயருக்குள் பல வேலைகள் இருக்கின்றன. நிருபர் வெளியே போய்ச் செய்தி சேகரிக்கிறார். டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியர் அந்தக் காப்பியை, அதாவது நிருபர் எழுதிக் கொடுத்த செய்தியை, சரிபார்த்து, சுருக்கி, தலைப்புப் போடுகிறார். புகைப்படக்காரர், வீடியோ எடிட்டர், தரவுகளை அலசி எழுதுபவர், உண்மை சரிபார்ப்பவர் என்று இன்னும் நிறையப் பேர். புதியவர்கள் பெரும்பாலும் நிருபராகத்தான் கனவு காண்கிறார்கள், அது சரிதான். ஆனால் ஒரு மாதமாவது டெஸ்க்கில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மற்றவர்களின் காப்பியில் என்ன ஓட்டை இருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்தவருக்குத் தன் காப்பியில் உள்ள ஓட்டையும் தெரிய ஆரம்பித்துவிடும்.

2. படிப்பா, நேரடியாக வேலையா?

இதழியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்தத் துறைக்கு வரலாம். மருத்துவம், வழக்கறிஞர் தொழில் போல உரிமம் இருந்தால்தான் எழுத முடியும் என்ற நிலை பெரும்பாலான நாடுகளில் இல்லை. பட்டம் தருவது மூன்று விஷயம்: செய்து பார்க்க நேரம், திருத்திச் சொல்ல ஒருவர், இன்டர்ன்ஷிப்புக்கான வழி. ஆகவே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஸ்டுடியோவையும் பார்க்காமல், அங்கே மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை செய்தி எழுதி வெளியிடுகிறார்கள், யார் அதைத் திருத்துகிறார்கள், பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் செய்தி அறையில் வேலை பார்த்தவர்கள் என்று கேளுங்கள். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908 செப்டம்பரில் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்பு ஆரம்பித்த அன்றே மாணவர்கள் ஒரு நிஜ நாளிதழைக் கொண்டுவந்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலாகியும் இதைவிட நல்ல பாடத்திட்டம் வந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வேறு ஏதாவது படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருபவர்கள் தயங்கவே வேண்டாம். சட்டம், பொருளாதாரம், புள்ளியியல், பொது சுகாதாரம், கணக்குப் பதிவியல் தெரிந்த ஒரு புது நிருபர் செய்தி அறைக்குப் பெரிய பலம், ஏனென்றால் பட்ஜெட் அறிக்கையைப் பார்த்துப் பயப்படாத ஆட்கள் எல்லா இடத்திலும் குறைவு.

வீட்டிலிருந்தே இலவசமாகக் கற்கவும் வழி இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய நைட் மையம் நிருபர்களுக்கான இணைய வகுப்புகளை நடத்துகிறது, அவற்றில் நிறைய கட்டணம் இல்லாதவை. உலகப் புலனாய்வு இதழியல் வலையமைப்பு ஆவணங்களைத் தேடுவது முதல் பாதுகாப்பு வரை வழிகாட்டிகளைப் பல மொழிகளில் வெளியிடுகிறது. படம், வீடியோ, வரைபடம் வைத்துச் சரிபார்ப்பதற்கு 2014-ல் தொடங்கிய பெல்லிங்கேட் குழுவின் விளக்கக் கட்டுரைகள் நல்ல பாடம். ஒன்று மட்டும் கவனம். வகுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போய் ஒரு செய்தியும் எழுதாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பு முடிந்தால் ஒரு செய்தி, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

3. குறிப்பேடு

கையில் அடங்குகிற சிறிய நோட்டு, இரண்டு பேனா. ஃபோன் இருக்கும்போது எதற்கு என்று கேட்பீர்கள். ஒலிப்பதிவு முக்கியம்தான், சர்ச்சைக்குரிய பேட்டியில் அதுதான் உங்களைக் காப்பாற்றும், எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டே பதிவு செய்யுங்கள். ஆனால் பேட்டரி தீரும், கோப்பு அழியும், ஒரு மணி நேரப் பதிவில் உங்களுக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தைத் தேட இன்னொரு மணி நேரம் போகும். எழுதிக்கொண்டே கேட்டால், அந்த வாக்கியம் வந்தவுடன் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு நேரத்தையும் குறித்துவிடலாம், பிறகு பதிவில் நேராக அங்கே போகலாம். பிரிட்டனில் பயிற்சி நிருபர்களிடம் நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் சுருக்கெழுத்து வெகுகாலமாக எதிர்பார்க்கப்பட்டது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் உங்களுக்கென்று இருபது, முப்பது சுருக்கக் குறிகளாவது உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், நேரம். பேசியவரின் பெயரை அவரிடமே எழுதிக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேளுங்கள். வயது, பொறுப்பு, தொடர்பு எண் எல்லாம் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சுதந்திர மனிதராக இருந்தும் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்த்தப்பைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 1853 ஜனவரியில் எழுதியபோது, அவர் பெயரைச் செய்தியில் ஒரு விதமாகவும் தலைப்பில் வேறு விதமாகவும் தவறாக அச்சிட்டது. அதற்குத் திருத்தம் வந்தது 2014 மார்ச்சில், 161 ஆண்டுகள் கழித்து. பெயர் தப்பாக வந்த ஒருவர் அந்தச் செய்தியின் மற்ற வரிகளை எப்படி நம்புவார்?

அன்று எடுத்த குறிப்பை அன்றிரவே தட்டச்சு செய்துவிடுங்கள். மூன்று நாள் கழித்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. புரியாத இடத்தை ஞாபகம் தானாகவே நிரப்பிவிடும், ஆபத்து அங்கேதான்.

4. ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் முதல் செய்தியாக ஊழல், சூழலியல், அரசியல் என்று பெரிதாக எடுக்கிறார்கள். பிறகு இணையத்தில் ஏற்கெனவே வந்ததைத் தொகுத்து எழுதி அதைக் கட்டுரை என்கிறார்கள். அதில் நீங்களாகக் கண்டுபிடித்தது எதுவும் இருக்காது. உங்களால் நடந்தோ பேருந்திலோ போய்ச் சேர முடிகிற ஒரு இடத்தை எடுங்கள். ஒரு நூலகம், ஒரு அரசுப் பள்ளி, ஒரு பேருந்துத் தடம், ஒரு குப்பைக் கிடங்கு, உள்ளாட்சி மன்றக் கூட்டம். மூன்று மாதத்துக்கு அதுதான் உங்கள் பீட், அதாவது நீங்கள் தொடர்ந்து செய்தி எடுக்கும் களம்.

முதல் வாரம் எதுவும் எழுத வேண்டாம். அந்த இடத்தில் யார் முடிவெடுக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது கூட்டம் நடக்கிறது, எந்தத் தாள்கள் பொதுவில் கிடைக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். கூட்டத்தின் அஜெண்டா, போன கூட்டத்தின் தீர்மானங்கள், ஆண்டுக் கணக்கு, டெண்டர் அறிவிப்பு, தணிக்கை அறிக்கை. இவை படிக்கச் சலிப்பாக இருக்கும், அதனால்தான் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். இரண்டாம் வாரம் ஆட்களிடம் பேசுங்கள், அதுவும் கீழிருந்து. அங்கே தினமும் வந்துபோகிறவர், துப்புரவு செய்கிறவர், எழுத்தர், ஓட்டுநர். தலைவரிடம் கடைசியாகப் போங்கள். அதற்குள் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சலிப்பான இடங்களில் போய் உட்காருவதன் பலனுக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்துக்குள் புகுந்த 5 பேர் கைதானபோது அது வெறும் திருட்டு வழக்குதான். நீதிமன்றத்தில் நடந்த ஆரம்ப விசாரணையைப் பார்க்க அனுப்பப்பட்ட பாப் உட்வர்டுக்கு அப்போது வயது 29, வாஷிங்டன் போஸ்ட்டில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று நீதிபதி கேட்டபோது கைதானவர்களில் ஒருவர் தாழ்ந்த குரலில் சிஐஏ, அதாவது அமெரிக்க உளவு அமைப்பு, என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. அதைக் கேட்கும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார், அதிபர் நிக்சன் பதவி விலகுவதில் போய் முடிந்த செய்திக்கு அவ்வளவுதான் ஆரம்பம்.

ஆவணம் கேட்டும் தரவில்லை என்றால், தகவல் அறியும் சட்டம் உங்கள் நாட்டில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஸ்வீடன் 1766-லேயே அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது, அமெரிக்காவில் 1966, இந்தியாவில் 2005, இலங்கையில் 2016. நிருபர் அட்டை இல்லாத சாதாரண ஆளும் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் புதியவர்களுக்கு இதில் உள்ள பெரிய வசதி. "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்தச் சாலைக்காகப் பிறப்பிக்கப்பட்ட பணி ஆணைகளின் நகல்" என்று கேளுங்கள். காரணத்தைக் கேட்காமல் தாளைக் கேட்க வேண்டும். பதில் வர வாரங்கள் ஆகும், அதனால் முதல் மாதமே இரண்டு மூன்று விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

5. பேட்டி

போகும் முன் அந்த ஆளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவிடுங்கள். பொதுவில் இருக்கும் விவரத்தை அவரிடமே கேட்டு நேரத்தை வீணாக்கினால், இவர் தயாராக வரவில்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள், ஆனால் வரிசையாக வாசிக்காதீர்கள். அவர் சொன்ன பதிலிலிருந்து அடுத்த கேள்வி வர வேண்டும்.

ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறையுங்கள். "அன்னைக்கு என்ன நடந்தது, முதல்ல இருந்து சொல்லுங்க" என்பதைப் போல நல்ல கேள்வி வேறில்லை. சொல்லி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாமல் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். அந்த மௌனம் தாங்காமல் அவர் சொல்வதுதான் பல நேரம் செய்தியாகிறது. சங்கடமான கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்காமல் வந்துவிடாதீர்கள், அதற்காகத்தான் போனீர்கள். கிளம்பும்போது கட்டாயம் கேட்க வேண்டியவை இரண்டு: "நான் கேட்காம விட்டது ஏதாவது இருக்கா?", "இதைப் பத்தி வேற யார்கிட்ட பேசணும்?"

சில பேர் நடுவில் "இது ஆஃப் த ரெக்கார்ட்" என்பார்கள். அதற்கு அவர் என்ன அர்த்தம் வைத்திருக்கிறார் என்று அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆளுக்கு ஓர் அர்த்தம். எதுவும் பிரசுரிக்கக் கூடாது என்கிறாரா, தகவலை எழுதலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்கிறாரா? சொல்வதற்கு முன்பு பேசிக்கொள்ள வேண்டிய ஒப்பந்தம் இது. பெயர் மறைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆனாலும் காப்பாற்ற வேண்டும், அதனால் லேசில் கொடுக்காதீர்கள். வாசகருக்குத் தெரியாத அந்தப் பெயர் உங்கள் ஆசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக் 1980-ல் எட்டு வயது ஹெராயின் அடிமை ஒருவனைப் பற்றி எழுதினார், 1981-ல் அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்பது அதன் பிறகுதான் வெளிவந்தது. அவன் யார், வீடு எங்கே என்று மேலே இருந்தவர்கள் அழுத்திக் கேட்கவில்லை.

துயரத்தில் இருப்பவர்களிடம் பேசுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையை இழந்த தாயிடம் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று மைக்கை நீட்டாதீர்கள். அருகில் உட்காருங்கள், நீங்கள் யார், இது எங்கே வெளிவரும் என்று சொல்லுங்கள், பேச விருப்பமில்லை என்றால் எண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். பேசினால், பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்காமல் எடுக்காதீர்கள். குழந்தைகளிடம் பெற்றோர் அல்லது பொறுப்பானவர் சம்மதம் இல்லாமல் பேட்டி எடுக்கக் கூடாது.

6. சரிபார்ப்பு

எவ்வளவு நேரம் இருந்தாலும் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விபத்துச் செய்தியில் இறந்தவர்கள் 4 பேர் என்று எழுதினேன். இரண்டு பேரிடம் உறுதி செய்துகொண்டுதான் எழுதினேன். மறுநாள்தான் தெரிந்தது, அந்த இரண்டு பேருமே ஒரே வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டுவிட்டு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இறந்தவர் ஒருவர். மற்ற மூன்று குடும்பங்களும் அந்த இரவை எப்படிக் கழித்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு சோர்ஸ் (தகவல் கிடைக்கும் இடம்) என்றால் இரண்டு வாய் என்று அர்த்தம் இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகாமல், தனித்தனியாகத் தெரிந்துகொண்ட இரண்டு பேர். ஆகவே தகவல் சொல்பவரிடம் தவறாமல் கேளுங்கள்: "நீங்களே பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" யாராவது சொன்னார்கள் என்றால் அந்த யாராவதைத் தேடிப் போங்கள். ஆளைவிட நல்ல சோர்ஸ் பல சமயம் ஆவணம்: முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பு நகல், பதிவேடு. அதிலும் தப்பு இருக்கும், அதையும் ஆளை வைத்துச் சரிபாருங்கள்.

படங்களுக்கு வருவோம். 2011-ல் ஐரீன் புயலின்போது வெள்ளம் சூழ்ந்த சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்துவதாக ஒரு படம் பரவியது. அந்தச் சுறா, சிறு படகில் இருந்த ஒருவரைத் தென்னாப்பிரிக்கக் கடலில் பின்தொடர்ந்தபோது எடுத்த பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. அதற்குப் பிறகும் வேறு வேறு புயல்களில், வேறு வேறு ஊர்ப் பெயரோடு அதே படம் திரும்பத் திரும்ப வந்தது. கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் படத்தைப் போட்டுத் தேடினால் இந்த மாதிரி மோசடியில் பெரும்பகுதி ஒரே நிமிடத்தில் பிடிபடும். வீடியோ என்றால் நடுவிலிருந்து நான்கைந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். அப்புறம் கடைப் பலகையில் உள்ள மொழி, வண்டியின் எண் பலகை, நிழல் விழும் திசை, மலைக்கோடு இவற்றை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வெட்டி ஒட்டாத அசல் படம்கூடப் பழையதாகவோ வேறு இடத்தினுடையதாகவோ இருக்கலாம், நடைமுறையில் அதுதான் அதிகம். ஒரு இணையப் பக்கம் பின்னால் மாற்றப்படும் என்று சந்தேகம் வந்தால் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அன்றே சேமித்து வையுங்கள்.

எண்களில்தான் நல்ல நிருபர்களும் விழுகிறார்கள். வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. 2 சதவீத உயர்வு என்று எழுதினால் தப்பு, கணக்குப்படி அது 50 சதவீத உயர்வு. குற்றம் இரட்டிப்பானது என்று யாராவது சொன்னால் எத்தனையிலிருந்து எத்தனை என்று கேளுங்கள், 1 வழக்கு 2 வழக்கானாலும் இரட்டிப்புதான். பெரிய ஊரையும் சின்ன ஊரையும் ஒப்பிடும்போது லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்.

ஏஐ கருவிகள் ஒலிப்பதிவை எழுத்தாக்கவும் நீளமான அறிக்கையில் தேடவும் உதவுகின்றன, அவை தரும் எழுத்தைப் பதிவோடு ஒப்பிட்ட பிறகு மட்டும் மேற்கோள் காட்டுங்கள். தகவலுக்கு அவற்றை நம்பாதீர்கள். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் வெளியிட்ட கோடைகால வாசிப்புப் பட்டியலில் இருந்த பல புத்தகங்கள் உலகத்திலேயே இல்லாதவை. வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர் ஏஐ தந்ததைச் சரிபார்க்காமல் அனுப்பியிருந்தார்.

ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் வார இதழில் கிளாஸ் ரெலோட்டியஸ் பல பரிசுகள் வாங்கிய நிருபர். 2018-ல் அவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுத நேர்ந்த ஹுவான் மொரேனோவுக்குச் சில வரிகள் உறுத்தின. நிர்வாகம் நம்பவில்லை. மொரேனோ சொந்தச் செலவில் அமெரிக்கா போய், ரெலோட்டியஸ் பேட்டி எடுத்ததாக எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, அவரைப் பார்த்ததே இல்லை என்று அவர்களே சொன்னதைப் பதிவு செய்துகொண்டு வந்தார். அந்த டிசம்பரில் ரெலோட்டியஸ் பதவி விலகினார். இளம் நிருபர்களுக்கு நான் சிபாரிசு செய்வது மொரேனோ செய்த வேலையை. ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் முன், உங்கள் மேல் சந்தேகப்படும் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போவதாக நினைத்து, வரிவரியாகக் கோடு போட்டுப் பாருங்கள்.

7. எழுதுவது

இவ்வளவும் முடிந்திருந்தால் எழுதுவது கஷ்டமாக இருக்காது. கஷ்டமாக இருந்தால் பெரும்பாலும் தகவல் போதவில்லை என்று அர்த்தம், திரும்ப ஃபோனை எடுங்கள்.

அன்றாடச் செய்திக்குத் தலைகீழ் பிரமிடு போதும்: மிக முக்கியமானது முதலில், அதற்கடுத்தது அடுத்து. "உள்ளாட்சி மன்றக் கூட்டம் நேற்று தலைவர் தலைமையில் நடைபெற்றது" என்று லீட், அதாவது செய்தியின் முதல் வரி, எழுதாதீர்கள், கூட்டம் நடந்தது செய்தி இல்லை. "குடிநீர்க் கட்டணம் அடுத்த மாதத்திலிருந்து இரு மடங்காகிறது" என்பது செய்தி. பக்கத்து வீட்டுக்காரர் "இன்னைக்கு என்ன விஷயம்?" என்று கேட்டால் ஒரே மூச்சில் என்ன சொல்வீர்களோ, அதுதான் லீட்.

அடுத்தது நம் மொழியில் எழுதுபவர்களுக்கென்றே உள்ள ஒரு பிரச்சினை. "கூறப்படுகிறது", "தெரிகிறது", "சொல்லப்படுகிறது". செய்தியில் இந்தச் சொற்கள் வரும் இடத்திலெல்லாம் ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார், சில சமயம் ஆளே இல்லை. உங்கள் காப்பியில் இவற்றைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் யார் கூறினார் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் எழுதுங்கள், முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதே போல "பரபரப்பு ஏற்பட்டது". யார் ஓடினார்கள், எந்தக் கடை மூடப்பட்டது, போக்குவரத்து எவ்வளவு நேரம் நின்றது என்று சொன்னால் பரபரப்பு தானே தெரியும். "சமூக ஆர்வலர்கள் கோரிக்கை" என்றால் எத்தனை பேர், அவர்களின் பெயர் என்ன?

சட்டச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். கைதானவர் குற்றவாளி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர். வழக்குப் பதிவு, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு மூன்றும் மூன்று கட்டம், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதினால் ஒருவருடைய வாழ்க்கை பாழாகும், உங்கள் மேல் அவதூறு வழக்கும் வரும். தற்கொலைச் செய்திகளில் எப்படி இறந்தார் என்ற விவரத்தை எழுதாதீர்கள், ஒரே காரணத்தைக் காட்டி முடித்துவிடாதீர்கள், உதவி எண்ணைச் சேருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கென்றே இதைப் பற்றி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரைப் போடக் கூடாது, அது மட்டும் போதாது, அடையாளம் தெரிய வைக்கும் பள்ளி, தெரு, உறவினர் பெயர் எதையும் போடக் கூடாது.

முடித்ததும் சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்.

8. அனுப்பும் முன்

உங்கள் செய்தி யாரைக் குறை சொல்கிறதோ அவருக்கு அதைச் சொல்லிப் பதில் கேட்க வேண்டும். பிரசுரமாவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதுவது நேர்மையில்லை. குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எழுதி ஈமெயில் அனுப்புங்கள், நியாயமான அவகாசம் கொடுங்கள், பதில் வந்தால் அதன் சாரத்தைச் சிதைக்காமல் போடுங்கள். என் அனுபவத்தில் இந்தப் பதில்களால் இரண்டு செய்திகள் உடைந்துபோயின. உடைந்ததே நல்லது, அச்சில் வந்த பிறகு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

பணம், பரிசு, இலவசப் பயணம் எதுவும் வாங்காதீர்கள். பிரஸ் மீட் முடிந்து கவர் நீட்டுவார்கள், மற்றவர்கள் வாங்குவார்கள், நீங்கள் மட்டும் மறுப்பது சங்கடமாக இருக்கும். முதல் தடவை மறுப்பதுதான் கஷ்டம், மூன்றாம் தடவை உங்களிடம் நீட்டவே மாட்டார்கள். உறவினர், நண்பர், நீங்கள் உறுப்பினராக உள்ள அமைப்பு சம்பந்தப்பட்ட செய்தி என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேறு ஆளாக நடித்து, ரகசிய கேமரா வைத்துச் செய்தி எடுக்கும் ஆசை நிறையப் பேருக்கு இருக்கிறது. நெல்லி பிளை 1887-ல் 23 வயதில் மனநோயாளியாக நடித்து நியூயார்க்கின் ஒரு மனநலக் காப்பகத்துக்குள் 10 நாள் இருந்து அங்கே நடந்த கொடுமையை எழுதினார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு நாளிதழும், வெளியே எடுக்க ஒரு வழக்கறிஞரும் இருந்தார்கள். அனுபவமுள்ள ஆசிரியரும் சட்ட ஆலோசனையும் இல்லாமல் தனியாக இதில் இறங்காதீர்கள்.

பாதுகாப்பைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லா இணையக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது), ஃபோனுக்கு நீளமான கடவுச்சொல், ரகசியமாகப் பேச வேண்டியவர்களிடம் சிக்னல் செயலி. போராட்டங்களைப் பதிவு செய்யும்போது இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்காமல் ஓரமாக, வெளியேறும் வழி தெரிகிற இடத்தில் நில்லுங்கள். மிரட்டல் வந்தால், முக்கியமாகப் பெண் நிருபர்களுக்கு இணையத்தில் வருவது, தனியாகச் சுமக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். கோரமான காட்சிகளைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்றால் அது பலவீனம் இல்லை. டார்ட் மையம் என்ற அமைப்பு இதைப் பற்றி நிருபர்களுக்காகவே எழுதி வைத்திருக்கிறது, படியுங்கள்.

9. எங்கே, எப்படி அனுப்புவது

கையில் முடித்த செய்தி நான்கு ஐந்து இருந்தால் போதும், அனுப்ப ஆரம்பிக்கலாம். ஆசிரியருக்கு எழுதும் ஈமெயில் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். முதல் இரண்டு வரியில் செய்தி என்ன என்று வர வேண்டும், பிறகு ஏன் இப்போது, யாரிடம் பேசியிருக்கிறீர்கள், என்ன ஆவணம் கையில் இருக்கிறது, எத்தனை சொல், எந்தத் தேதிக்குள் தருவீர்கள். "நகரங்களில் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி எழுதலாமா?" என்பது தலைப்பு, செய்தி இல்லை. "இந்தப் பள்ளியில் 6 மாதமாகக் குடிநீர்க் குழாய் இயங்கவில்லை, பழுதுபார்த்ததாகக் கணக்கில் எழுதியிருக்கிறது, கணக்கின் நகல் என்னிடம் இருக்கிறது" என்று எழுதினால் யாரும் திறந்து பார்ப்பார்கள். அந்தப் பத்திரிகையின் கடைசி ஒரு மாத இதழ்களைப் படிக்காமல் அனுப்பாதீர்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அப்புறம் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடிவிடும்.

ஃப்ரீலான்ஸாக எழுதும்போது எவ்வளவு, எப்போது, பயணச் செலவு யாருடையது, பிரசுரமாகாவிட்டால் என்ன கிடைக்கும் என்பதை எழுதும் முன்பே ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். பெயர் கிடைக்கும் என்று சொல்லி மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்கும் இடங்களில் நீங்கள் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது, உங்கள் காப்பியைத் திருத்தித் தருகிற ஒருவர்கூட இல்லையென்றால் கிளம்பிவிடுங்கள்.

10. முதல் வேலையில் முதல் ஆறு மாதம்

நீங்கள் கொடுத்த காப்பியையும் அச்சில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டெஸ்க் எதை வெட்டியது, எதை மேலே கொண்டுபோனது என்று தினமும் பாருங்கள். புரியாததை மறுநாள் போய்க் கேளுங்கள், டெட்லைன் நேரத்தில் வேண்டாம். செய்திக்குறிப்பை அப்படியே தட்டச்சு செய்து தரும் வேலைதான் ஆரம்பத்தில் நிறைய வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஃபோன் பண்ணி, குறிப்பில் இல்லாத ஒரு விவரத்தையாவது சேர்த்துக் கொடுங்கள், ஒரு மாதத்தில் உங்களை வெளியே அனுப்ப ஆரம்பிப்பார்கள்.

தப்பு நடக்கும். தெரிந்த நிமிடமே ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், வேறு ஒருவர் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. திருத்தத்தில் எது தவறு, எது சரி என்று நேராக எழுதுங்கள். அந்த விபத்துச் செய்திக்கு நான் திருத்தம் எழுதிக் கொடுத்ததோடு, சம்பந்தப்பட்ட மூன்று வீட்டுக்கும் நேரில் போனேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், ஒரு வீட்டில் திட்டினார்கள். மூன்றாவது வீட்டில் உட்கார வைத்து, அன்றிரவு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னார்கள். நோட்டை எடுத்துத் தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொண்டேன், கிளம்பும்போது பெயரை எழுதிக் காட்டி, சரியா என்று கேட்டேன்.